பழைய மாருதி 800 சூடேறினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

மாருதி 800 முதன்முதலில் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். ஆக, இன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் ஆகப் புதிய 800-க்கே பத்து வயது தாண்டிவிட்டது. கார் ஓட்டிப் பழகவும், கையால் வேலை கற்றுக்கொள்ளவும் இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம். 796 சிசி, மூன்று சிலிண்டர், பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். ஆனால் வாங்கிய முதல் கோடையிலேயே பலருக்கும் வரும் தலைவலி ஒன்றுதான்: டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் மீட்டரின் ஊசி மேலே ஏறுகிறது, வண்டி சூடாகிறது.

பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில் கிடைக்கும். "ரேடியேட்டர் மாத்திடுங்க." "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டேன், இனி ஹீட் ஆகாது." "ஃபேனை டைரக்ட் கொடுத்துட்டேன், சாவி போட்டாலே ஓடும்." மூன்றுமே சில நாள் வேலை செய்வதுபோலத் தெரியும். கோளாறு எங்கே என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எந்தப் பாகம் கெட்டது என்பதை, வண்டி எப்போது சூடாகிறது என்பதே ஏறத்தாழச் சொல்லிவிடும். அதைக் கவனித்துவிட்டு, காசு செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவு பிடிக்கும் வேலைக்குப் போவதுதான் சரியான வரிசை. கீழே உள்ளவை 800-ஐ மனதில் வைத்து எழுதியவை. பழைய ஜென், ஆம்னி, ஆல்டோவுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அம்பாசிடர், பத்மினி போன்றவற்றில் ஃபேன் பெல்ட்டில் ஓடும் என்பதால் அந்த இடத்தில் மட்டும் கணக்கு மாறும்.

தண்ணீர் போகும் பாதை

எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகக் குளிர்நீருக்குள்தான் இறங்குகிறது. வாட்டர் பம்ப் அந்த நீரை என்ஜினுக்குள் சுற்றவிடும். என்ஜின் குளிர்ந்திருக்கும்வரை தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். நீர் உள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். 82 டிகிரி செல்சியஸ் வாக்கில் தெர்மோஸ்டாட் திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போதோ ஊர்ந்து போகும்போதோதான் மின்சார ஃபேன் தேவை. வெப்ப ஸ்விட்ச் அதைத் தானாக ஓடவிடும்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. குக்கர் வெயிட் போல அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. 0.9 என்று மேலே அச்சிட்ட மூடி சரியாக வேலை செய்தால், சாதாரணத் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. அந்த மூடியின் ரப்பர் போய்விட்டால் நூறிலேயே கொதித்து வெளியே தள்ளும். புது ரேடியேட்டர் போட்டு, பழைய மூடியையே மாட்டி அனுப்பும் பட்டறைகள் உண்டு.

இதனால்தான் ஒரு விதியை மீறவே கூடாது: சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டு மெதுவாகத் திறந்தால் பரவாயில்லை என்பார்கள், கேட்காதீர்கள். அழுத்தம் விட்ட கணமே உள்ளிருக்கும் நீர் மொத்தமாகக் கொதித்து முகத்துக்கு வரும். மேல் ஹோஸை, அதாவது ரேடியேட்டரின் மேற்பக்கத்தை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயை, கையால் அமுக்கிப் பாருங்கள். சூடில்லாமல், மெத்தென்று அமுங்கினால் திறக்கலாம்.

எப்போது சூடாகிறது?

ஒரு வாரம் ஓட்டும்போது இதை மட்டும் கவனியுங்கள்.

சிக்னலிலும் நெரிசலிலும் ஊசி ஏறி, சாலை கிடைத்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் பக்கம். நெரிசலில் ஒன்றுமில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் 80-ல் அரை மணி நேரம் போனால் ஏறுகிறது என்றால் நீரோட்டம் போதவில்லை: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது பம்ப் உறிஞ்சும்போது உள்வாங்கிச் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்து சில கிலோமீட்டருக்குள்ளேயே விறுவிறுவென ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீரே இல்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறுகிறது, கூடவே தண்ணீரும் காணாமல் போகிறது என்றால் கசிவு அல்லது ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு). ஊசி ஏறும்போது பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், பெல்ட் அறுந்திருக்கிறது. ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் அந்த ஒரே பெல்ட்டில்தான் ஓடுகின்றன.

ஊசி சொல்வதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பழைய வண்டியில் சென்சாரும் அதன் ஒயரும் பொய் சொல்லும். கொதிக்கும் சத்தமில்லை, ஃபேன் ஒழுங்காக ஓடி நிற்கிறது, ஆனால் ஊசி மட்டும் உச்சத்தில் என்றால் மீட்டர் பக்கம் பாருங்கள். இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், அது வெறும் காற்றை அளந்துகொண்டு ஊசியைக் கீழேயே வைத்திருக்கலாம். என்ஜின் வாசனை மாறி, இழுவை குறைந்து, ஊசி மட்டும் சாதுவாக இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

துப்பாக்கி வடிவத்தில் வரும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் குறையும். பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைவாகக் காட்டும். ரப்பர் ஹோஸிலோ கறுப்புப் பெயின்ட் பூசிய இடத்திலோ காட்டுங்கள்.

காசில்லாத சோதனைகள்

காலையில், என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள்.

மூடியைத் திறந்தால் நீர் கழுத்துவரை நிற்க வேண்டும். பக்கத்து பாட்டிலில் இருக்கிறதே என்று திருப்திப்படக் கூடாது. பாட்டில் நிறைந்து ரேடியேட்டர் குறைந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மூடிதான். சூட்டில் விரியும் நீரை அது பாட்டிலுக்குத் தள்ளும். ஆறும்போது நடுவிலுள்ள சின்ன வால்வு வழியாகத் திரும்ப இழுக்க வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டாலோ, பாட்டிலுக்குப் போகும் குழாயில் விரிசல் இருந்தாலோ நீர் திரும்பாது. இரவு நிறுத்திய வண்டியில் காலையில் மேல் ஹோஸ் சப்பையாகக் கிடப்பதும் இதே அறிகுறி. மூடியின் ரப்பர் இறுகியோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். அதே அழுத்த எண் உள்ளதாக வாங்குங்கள். கூடுதல் எண் நல்லது என்று நினைத்துப் போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டர் ஈயப்பற்றும் பிய்த்துக்கொள்ளும்.

நீரின் நிறத்தையும் பாருங்கள். டீ நிறம் என்றால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கெட் பகுதிக்கு நேரே போங்கள்.

பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு வேண்டாம். கண்ணாடிபோல் பளபளத்தாலும், உள்பக்கம் வெடிப்பு இருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பிறகு கசிவு. வண்டிக்கடியில் பழைய அட்டைப்பெட்டியை விரித்து இரவு முழுக்க விட்டால் எங்கே சொட்டுகிறது என்று தெரியும். ஹோஸ் கிளிப் மாட்டிய முனைகள், வாட்டர் பம்புக்கு அடியிலுள்ள சின்னத் துளை, ரேடியேட்டரின் மேல் கீழ் தொட்டி சேரும் ஓரம், என்ஜின் பக்கவாட்டில் வட்டத் தகடாக அடித்திருக்கும் பிளக்குகள் என வரிசையாகப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்த தடம் இருந்தால் சூட்டில் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்சீட்டுக் கார்ப்பெட் ஈரமாக, இனிப்பான வாசனையோடு இருந்தால் ஹீட்டர் கசிகிறது. நம் ஊரில் பல வண்டிகளில் ஹீட்டர் ஹோஸை அடைத்தோ மடக்கியோ வைத்திருப்பார்கள், அந்த முடிச்சுகளையும் ஒருமுறை பாருங்கள். ஹோஸ்கள் பத்து வருடத்துக்கு மேற்பட்டவை என்றால் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான ஹோஸ் வெடிக்கும்.

கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது லாரிக்காரர்களின் பழைய வித்தை. நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் அதைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வாசலில் நின்றுகொண்டு மஞ்சளோ, கடையில் விற்கும் லீக் அடைப்பானோ போடாதீர்கள். ஓட்டையை அடைக்கும் பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

ஃபேன்

என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஏசி அணைத்து, காத்திருங்கள். ஊசி பாதியைத் தாண்டும்போது ஃபேன் தானாக ஓடி, சற்று நேரத்தில் நிற்க வேண்டும். ஓடவில்லையா? முதலில் ஃப்யூஸ். அது சரியென்றால் வெப்ப ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு ஒயர் இருந்தால் அவை இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சாவி போடுங்கள். ஒற்றை ஒயர் என்றால் அதை என்ஜின் உலோகத்தில் தொடவைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் கெட்டது ஸ்விட்ச். ஓடாமல் டேஷ்போர்டில் ஊசி மட்டும் துள்ளினால் நீங்கள் கழற்றியது மீட்டர் சென்சாரின் ஒயர், ஸ்விட்ச் வேறிடத்தில் இருக்கிறது. எதுவுமே நடக்கவில்லை என்றால் மோட்டாருக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுங்கள். அப்போதும் ஓடாவிட்டால் மோட்டார் போயிற்று. ஓடினால் ரிலே, ஒயரிங், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஓடுகிறது என்பதும் போதாது. மோட்டாரை ரிப்பேர் செய்து மாட்டும்போது ஒயரை மாற்றிப் போட்டுவிட்டால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும், வண்டி ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைப் பிடியுங்கள். அது ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விலகினால் ஒயரைத் திருப்பிப் போடுங்கள். ஏசி கண்டென்சர் (ஏசிக்கென உள்ள, ரேடியேட்டர் போன்ற பாகம்) முன்னால் இருந்தால் தாளை அதன் முன்னால் பிடிக்கலாம்.

ஃபேனை டைரக்ட் கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். ஓரிரு நாள் சமாளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எப்போதும் ஓடும் மோட்டாரின் கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும், பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் சுமை. எல்லாவற்றையும்விட, வேறு கோளாறு ஏதாவது வளர்ந்தால் அதையும் சில மாதம் மறைத்துவைக்கும். ஸ்விட்ச் விலை அதிகமில்லை. சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் 800-க்கு இன்றும் ஏராளமான பாகங்கள் கிடைக்கின்றன. இதற்குப் புதுப்பேட்டை பழைய சாமான் தேவையில்லை, புதிதாகவே வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட்: கழற்றுவது தீர்வல்ல

ஊசி ஏறிக்கொண்டே போக, மேல் ஹோஸ் மட்டும் சூடாகாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் மட்டும் ஆறிக் கிடக்கிறது என்றால் அடைப்பு ரேடியேட்டரில். தொட்டுப் பார்ப்பதானால் என்ஜினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், ஃபேன் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது. தெர்மாமீட்டர் இருந்தால் தொடவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூல் கட்டி, பாத்திரத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் அச்சிட்ட வெப்பநிலையை நீர் எட்டும்போது திறக்கத் தொடங்க வேண்டும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். குளிர்ந்த நிலையில் வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியக்கூடாது. தேறாவிட்டால் புதியது போடுங்கள். ஸ்பிரிங் பக்கம் என்ஜினை நோக்கி இருக்கட்டும், ஓரத்தில் ஆடும் சின்னக் குமிழ் இருந்தால் அது மேலே வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும்.

நம் ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை என்ற வாதத்தை எல்லா ஊர்ப் பட்டறையிலும் கேட்கலாம். வெயில் என்னதான் அடித்தாலும் நாற்பது சொச்சம் டிகிரி. என்ஜினுக்கு வேண்டியது எண்பதுக்கு மேல். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி காலையில் நெடுநேரம் சூடேறாமல் ஓடும். கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும்படி அமைத்திருப்பார்கள். அவற்றில் இதைக் கழற்றினால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி, சூடு இன்னும் கூடும். நெடுஞ்சாலையில் ஊசி பாதிக்குக்கூட ஏறாத 800-ஐ யாராவது விற்றால், தெர்மோஸ்டாட் எங்கே என்று கேளுங்கள். ஏன் கழற்றினார்கள் என்பது அடுத்த கேள்வி.

ரேடியேட்டரும் போர்த் தண்ணீரும்

முதலில் வெளிப்பக்கம். பூச்சி, புழுதி, பஞ்சு எல்லாம் மெல்லிய தகடுகளுக்கிடையில் அப்பியிருக்கும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி, வீட்டுக் குழாய் வேகத்தில் நீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷரை நேராகக் காட்டினால் தகடுகள் மடங்கி, அடைப்பு இன்னும் மோசமாகும். ஏசி வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் குப்பையை யாரும் பார்ப்பதே இல்லை.

உள்பக்க அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாமேதான். போர்த் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் என்ஜின் சுவரிலும் படிகிறது. மெல்லிய படிவே வெப்பம் கடத்துவதைத் தடுக்கும். ரேடியேட்டர் சூடாக இருக்கையில் தெர்மாமீட்டரை அதன் முகப்பு முழுக்க நகர்த்துங்கள். ஒரு பகுதி மட்டும் திடீரென்று ஆறியிருந்தால் அங்குள்ள குழாய்களில் நீர் ஓடவில்லை.

கழுவ, கீழ் ஹோஸைக் கழற்றிப் பழைய நீரை ஒரு வாளியில் பிடியுங்கள். எத்தனை லிட்டர் என்று குறித்து வையுங்கள், பிறகு உதவும். தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், அதாவது ரேடியேட்டரின் கீழ் வாயிலிருந்து மேலாக, தெளிந்த நீர் வரும்வரை குழாய் நீரைச் செலுத்துங்கள். என்ஜினையும் தனியாக அப்படியே. துரு அதிகமென்றால் ரேடியேட்டர் ஃபிளஷ் திரவம் வாங்கி, டப்பாவில் சொன்னபடி ஓட்டிவிட்டுக் கழுவலாம். ஆசிட் மட்டும் வேண்டாம், சிலிண்டர் ஹெட் அலுமினியம். இதற்கும் சரியாகாத பித்தளை ரேடியேட்டரை ரேடியேட்டர் கடைக்காரர் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, மறுபடி ஈயம் பற்றவைத்துத் தருவார். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அது நடக்காது, புதிதுதான்.

நிரப்புவது கூலன்ட். பனி உறையாத ஊரில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இங்கே அதன் முக்கிய வேலை துருவையும் உப்பையும் தடுப்பது. பம்பின் சீலுக்கும் இறக்கைக்கும் அதுதான் பாதுகாப்பு. அடர் கூலன்டை வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலக்குங்கள். கலந்தே விற்பதை வாங்கினால் தண்ணீர் சேர்க்காதீர்கள். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்ய முடியாது, ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுக்கக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். கீழே சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வடித்ததைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம், தெருநாயும் குழந்தையும் நாக்கில் வைத்தால் ஆபத்து.

ஊற்றியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டர் இணைப்பு இருந்தால் முழு வெப்பத்தில் வையுங்கள். மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக்கொண்டே, குமிழி நிற்கும்வரை மேலே ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அதையும் நிரப்பி, நீர் பொங்கத் தொடங்கும் முன் மூடியைப் போடுங்கள். வாளியில் குறித்த அளவைவிட ஒரு லிட்டர் குறைவாகத்தான் உள்ளே போயிருக்கிறது என்றால் காற்று இன்னும் மாட்டியிருக்கிறது. மறுநாள் காலை மறுபடி மட்டம் பாருங்கள்.

பம்ப், கேஸ்கெட், மற்றவை

பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. கரகரவென்ற சத்தமும் அடித்துளையில் சொட்டும் இருந்தால் பம்ப் போகிறது. வெறும் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓடிய வண்டியில் இறக்கையே அரித்துப் போயிருக்கலாம், வெளியே ஒரு அறிகுறியும் காட்டாது.

ஹெட் கேஸ்கெட்டுக்கு அறிகுறிகள் தெளிவானவை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுவது, காற்று நீக்கிய பிறகும் ரேடியேட்டர் வாயில் ஓயாமல் குமிழி வருவது, சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறுவது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படியும். சந்தேகத்தைத் தீர்க்க, சிலிண்டரில் எரிந்த வாயு குளிர்நீரில் கலந்திருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் இருக்கிறது. நல்ல பட்டறையில் கேளுங்கள்.

இது புதியவர்கள் தனியாக இறங்கும் வேலை அல்ல. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கலாம். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடச் சொல்லாதீர்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பும் ஃபில்லர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்ய வேண்டும். போல்ட்டுகளை வரிசைப்படி, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு இறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடானால் குளிரூட்டும் அமைப்பை விட்டு வெளியே தேடுங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது, கார்புரேட்டரில் பெட்ரோல் போதாமல் ஓடுவது, சக்கரத்தில் பிரேக் ஒட்டிப் பிடிப்பது, சைலன்சர் அடைப்பு. பிரேக்கைக் கண்டுபிடிப்பது சுலபம், ஓட்டிவிட்டு நான்கு வீல்களிலும் தெர்மாமீட்டரைக் காட்டினால் ஒன்று மட்டும் தனியாகச் சுடும்.

வழியில் சூடேறிவிட்டால்

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் நாற்பதிலோ முதல், இரண்டாம் கியரில் ஏறும்போது சுமை அதிகம், எதிர்க்காற்று குறைவு. ஊசி பாதியைத் தாண்டி நகர ஆரம்பித்ததுமே ஏசியை அணையுங்கள். ஹீட்டர் வேலை செய்தால் முழுதாகத் திறந்து, ப்ளோவரையும் போடுங்கள். கத்தரி வெயிலில் கொடுமைதான், ஆனால் அது இன்னொரு குட்டி ரேடியேட்டர். ஊசி சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும் என்று ஓட்டுவதில்தான் ஹெட்டுகள் வளைகின்றன.

பானெட்டைத் திறந்து வையுங்கள், மூடியைத் தொடாதீர்கள், என்ஜின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம். ஹோஸ் மெத்தென்று ஆன பிறகு மூடியைத் திறந்து, என்ஜினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். கூலன்ட் இல்லையென்றால் குடிக்கும் தண்ணீர் போதும், வீடு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். நிரப்பியும் சில கிலோமீட்டருக்குள் ஊசி மறுபடி ஏறினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். மீட்பு வண்டிக்குப் போன் செய்யுங்கள்.